மேற்கோள் குறிக்குள் அடங்கும் சரங்கள்: மாணவர் பக்கக் குறிப்புக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

செய்நிரல் ஒன்றினுள் மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருக்கும் சரங்களை (எழுத்துத் தொடர்களை)ப் பிரித்தெடுக்கும் முறை பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த குறிப்பை, மாங்குளத்தில் உயர்தர மாணவருக்குத் தகவல் தொழினுட்பம் கற்பித்து வருபவன் என்ற முறையில் ஆர்வத்தோடு வாசித்தேன். உரையினுள் தேட வேண்டியதைக் குறிகளால் விவரிக்கும், நிரலாளர் பேச்சில் ‘ரெஜெக்ஸ்’ என வழங்கும் சுருங்குறித்தொடருக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று இடம் ஒதுக்குவது அரிது என்பதால் முதலில் நன்றி கூறுகிறேன். ஆயினும் அக்குறிப்பில் தரப்பட்ட கோலம், அதாவது தேடலுக்கான குறித்தொடர், பிழையானது; அதை அச்சிட்ட விதம் அந்தப் பிழையை இன்னும் ஒரு படி மோசமாக்கியிருக்கிறது. மறுநாட் காலையில் என் மாணவர் இருவர் அதைத் தம் கணினியில் இட்டுப் பார்த்துவிட்டு, ‘பேப்பரில வந்ததுதானே, ஏன் சேர் வேலை செய்யுதில்லை?’ என்று கேட்டபோது சொன்ன விடையைத்தான், சற்று விரிவாக, இங்கே எழுதுகிறேன்.

குறிப்பில் இருந்த கோலம் இது:

".*"

முதலில் ஒரு மேற்கோள் குறி, அதன் பின் எந்த வரியுருவாயினும் (எழுத்தோ இலக்கமோ குறியோ; இதைச் சொல்வது புள்ளி) எத்தனை தடவையாயினும் (இதைச் சொல்வது * என்ற உடுக்குறி), முடிவில் இன்னொரு மேற்கோள் குறி என்பது இதன் பொருள். ஒரு வரியில் ஒரேயொரு சரம் இருக்கும்வரை இது சரியான விடையையே தரும். வகுப்பறைப் பயிற்சிகளில் இதன் குறை வெளித்தெரியாமல் இருப்பதற்கு அதுவே காரணம். பின்வரும் வரியைப் பாருங்கள். பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பதால், எடுத்துக்காட்டுகளையும் தமிழிலேயே தருகிறேன்.

பயிர் = "நெல்"; போகம் = "காலபோகம்"

மேற்படி கோலம் இவ்வரியில் "நெல்" என்பதைத் தனியாகத் தராது. முதலாவது மேற்கோள் குறியில் தொடங்கி, இடையிலுள்ள அரைப்புள்ளி, மாறியின் பெயர், சமன் குறி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு, வரியின் கடைசி மேற்கோள் குறி வரை ஒரே துண்டாகத் தரும். உடுக்குறி தன்னால் இயன்ற மட்டும் முன்னே போய்விட்டு, அடுத்து வரவேண்டியது பொருந்தாவிட்டால் மட்டுமே ஒவ்வொரு வரியுருவாகப் பின்வாங்கும். அறுவடை முடிந்த வயலில் அவிழ்த்துவிட்ட மாடு கடைசி வேலி வரை போய்த்தான் திரும்பும் என்பது எங்கள் மாணவருக்குச் சொல்லாமலே விளங்குகிற செய்தி.

இந்த உடுக்குறியை இப்பொருளில் நிலைபெறச் செய்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளேனி. நரம்புக் கலங்களின் வலையமைப்பு எவற்றையெல்லாம் அடையாளங்காண இயலும் என்ற கேள்விக்கு விடையாக 1951 இல் அவர் எழுதிய ஆய்வறிக்கை 1956 இல் அச்சேறியது. 1968 இல் கென் தொம்சன் அக்கருத்தை உரையினுள் தேடுவதற்கான கணினி வழிமுறையாக்கினார். இவ்வரலாறு நமக்குப் பின்னரும் ஓரிடத்தில் தேவைப்படும்.

உடுக்குறியின் பின்னால் ஒரு வினாக்குறியை இட்டு, ".*?" என எழுதினால் போதும் என்பது பலர் கூறும் பரிகாரம். வினாக்குறி உடுக்குறியைச் சோம்பேறியாக்கும். இயன்ற அளவு குறைவாகவே எடுக்கச் செய்யும். மேலுள்ள வரியில் "நெல்", "காலபோகம்" ஆகிய இரண்டும் தனித்தனியே கிடைக்கும். ஆனால் குறைவாக எடுப்பது அதன் விருப்பம் மட்டுமே, அதற்கு விதிக்கப்பட்ட எல்லை அன்று. அரைப்புள்ளியோடு முடியும் சரங்கள் மட்டும் வேண்டுமென எண்ணி ஒருவர் ".*?"; என எழுதினால், கீழுள்ள வரியில் இரு சரங்களும் நடுவிலுள்ள கூட்டற் குறியும் சேர்ந்து ஒரே சரமாக வந்து நிற்கும்.

பட்டியல் = "நெல்" + "உளுந்து";

எனவே முடிவு எங்கே என்று தேடுவதை விட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கலாம் என்று சொல்லப் பழக வேண்டும். அந்த வழியில் முதலாவது படி இது:

"[^"]*"

சதுர அடைப்புக்குள் முதலில் வரும் கூரைக் குறி (^) ‘இதைத் தவிர’ எனப் பொருள்படும். மேற்கோள் குறியைத் தவிர்ந்த வரியுருக்கள் மட்டுமே உள்ளே இருக்கலாம் என்று சொல்லிவிட்டால், மாடு எவ்வளவு பசியோடு இருந்தாலும் முதலாவது வேலியைத் தாண்டாது. என் அனுபவத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் இந்த இடத்தில் பாடத்தை முடித்துவிடுகிறார்கள். நானும் சில ஆண்டுகளுக்கு முன் இங்கேதான் முடித்துக்கொண்டேன். அதன் பலனை அனுபவித்தும் இருக்கிறேன்.

எங்கள் பகுதியில் விவசாயப் பொருட்களை விற்கும் களஞ்சியம் ஒன்றின் கணக்குச் செய்நிரலை மும்மொழியில் இயங்கச் செய்வதற்கு உதவுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். நிரலில் உள்ள தமிழ்ச் சரங்களை எல்லாம் பட்டியலாகப் பிரித்தெடுத்துச் சிங்கள மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு அனுப்புவது என் பொறுப்பு. மேற்சொன்ன கோலத்தைக் கொண்டு ஓர் இரவில் பட்டியலை ஆயத்தம் செய்து, சரிபார்க்காமல் அனுப்பியும் விட்டேன். இரண்டு நாட்களின் பின் அவர் தொலைபேசியில் அழைத்து, பட்டியலின் பிற்பாதியில் வெறும் காற்புள்ளிகளும் சமன் குறிகளும் அடைப்புக் குறிகளுமே இருப்பதாகவும், காற்புள்ளியைச் சிங்களத்தில் எவ்வாறு மொழிபெயர்ப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்றும் மிகவும் மரியாதையாகக் கூறினார்.

தேடிப் பார்த்தபோது குற்றவாளி தண்ணீர்ப் பம்பிக்குரிய குழாய் என்று தெரிந்தது. அங்குலத்தைக் குறிக்கக் கடைக்காரர் எழுதும் இரட்டைக் கோடும் மேற்கோள் குறியும் விசைப்பலகையில் ஒன்றுதான். அக்குறி சரத்தின் முடிவன்று என்று கணினிக்கு உணர்த்த, நிரலை எழுதியவர் முறைப்படி அதன் முன்னே பின்சாய்கோடு (\) இட்டு எழுதியிருந்தார்.

பொருள் = "2\" குழாய்"

பின்சாய்கோட்டை அறியாத என் கோலம் "2\" என்பதோடு சரம் முடிந்ததாக எண்ணிவிட்டது. குழாய் வெளியே விழுந்தது. உண்மையில் சரத்தை மூடும் குறி, புதிய சரமொன்றைத் திறக்கும் குறியாகியது. அந்த இடத்திலிருந்து கோப்பின் கடைசி வரை உள் வெளியாகவும் வெளி உள்ளாகவும் மாறிவிட்டன. புள்ளிக் குறி வரியின் முடிவைத் தாண்டாது. ஆனால் ‘மேற்கோள் தவிர்ந்த எதுவும்’ என்ற சதுர அடைப்பு வரியையும் தாண்டிச் செல்லும் என்பதால், தவறு ஒரு வரியோடு நிற்கவும் இல்லை. "இரணைமடு \"வான்\" பாய்கிறது" என்பது போல உள்ளே இரண்டு குறிகள் இருந்திருந்தால், அந்த ஒரு சரம் மட்டும் இரு துண்டாகி, ‘வான்’ என்ற சொல் நழுவி, அடுத்த சரத்திலிருந்து எல்லாம் சரியாகியிருக்கும். ஒற்றைப்படையில் வந்த குழாய்தான் கவிழ்த்தது.

சரத்தின் உள்ளே இருக்கக்கூடியவை இரண்டே வகை. மேற்கோள் குறியும் பின்சாய்கோடும் அல்லாத ஏதேனும் ஒரு வரியுரு ஒன்று. பின்சாய்கோடும் அதை அடுத்து வரும் எந்த வரியுருவும் சேர்ந்த சோடி மற்றொன்று. இதை அப்படியே எழுதினால் கிடைப்பது:

"([^"\\]|\\.)*"

பின்சாய்கோடு சுருங்குறித்தொடரிலும் சிறப்புக் குறியாகையால் அதை இரண்டாக எழுத வேண்டியிருக்கிறது. இதையே பைதனின் சாதாரணச் சரமாக எழுத முனைந்தால் அந்த இரண்டும் நான்காகும். முன்னே ‘ஆர்’ எழுத்தை இட்டு எழுதும் மூலச் சரம் இதற்காகவே இருக்கிறது. சாதாரண ஒற்றை வரிச் சரங்களை மட்டும் தேடுவோர், சதுர அடைப்பினுள் புதிய வரிக்கான குறியையும் சேர்த்துவிட்டால், மூட மறந்த மேற்கோள் ஒன்று அடுத்த வரிகளை இழுத்துக்கொண்டு போகாது.

இக்கோலத்தில் கவனிக்க வேண்டியது, சதுர அடைப்பினுள் பின்சாய்கோட்டையும் விலக்கியிருப்பதுதான். அதை விட்டுவிட்டு "([^"]|\\.)*" என எழுதுவோர் உண்டு. அப்போது பின்சாய்கோட்டை முதலாவது வகையே எடுத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த மேற்கோள் குறி மீண்டும் சரத்தை மூடிவிடும். குழாய் மறுபடி வெளியே விழும்.

வேறு சிலர், ‘முன்னே பின்சாய்கோடு இல்லாத மேற்கோள் குறியே முடிவு’ என்ற விதியைப் பின்னோக்கிப் பார்க்கும் உறுப்பொன்றின் உதவியால் எழுதுகிறார்கள்:

".*?(?<!\\)"

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும் இவ்விதி, கீழுள்ள வரியில் தோற்றுப்போகிறது.

பாதை = "வன்னி\\"; ஊர் = "துணுக்காய்"

இங்கே முதலாவது சரத்தை மூடும் குறியின் முன்னே பின்சாய்கோடு இருக்கிறது. ஆனால் அப்பின்சாய்கோடு தனக்கு முன்னிருக்கும் பின்சாய்கோட்டின் சோடி. அதற்கு மேற்கோள் குறியோடு எந்த உறவும் இல்லை. மேற்படி கோலம் அதை உணராமல் "வன்னி\\"; ஊர் = " என்பதைச் சரமாகத் தரும்; துணுக்காய் நடுத்தெருவில் நிற்கும். முன்னே இருக்கும் பின்சாய்கோடுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதே கேள்வி. இடமிருந்து வலமாகச் சோடி சோடியாக எடுத்துக்கொண்டு வரும் கோலத்துக்கு அக்கேள்வி எழுவதேயில்லை. முடிவிலிருந்து திரும்பிப் பார்ப்பவருக்குத்தான் அது எழுகிறது.

பின்சாய்கோட்டின் கதையும் சற்றுச் சுவையானது. அது மேற்கோளுக்காகப் பிறந்ததன்று. 1961 இல் பொப் பீமர் அதை, வரியுருக்களுக்கு எண் வழங்கும் ஆஸ்கி குறியீட்டில் சேர்ப்பித்தது, முன்சாய்கோட்டோடு சேர்த்து அல்கோல் மொழியின் ‘மற்றும்’, ‘அல்லது’ ஆகிய தருக்கக் குறிகளை /\ எனவும் \/ எனவும் எழுதுவதற்காக. சி மொழிக்கு மூதாதையான பி மொழியில் சரத்தினுள் அடுத்த வரியுருவின் பொருளை மாற்றும் விலக்குக் குறியாக இருந்தது உடுக்குறியே. சி மொழி பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டது. அதன் வழிவந்த மொழிகள் பலவும் அதைப் பின்பற்றின.

எல்லா மொழிகளும் அவ்வழியில் வரவில்லை என்பதை எங்கள் மாணவர் பிறரைக் காட்டிலும் முன்னதாகவே அறிகிறார்கள். சாதாரண தரத்தில் பஸ்கால் மொழியில் தொடங்கி, உயர்தரத்தில் பைதனுக்கும் தரவுத்தளத்துக்குரிய எஸ்.கியூ.எல். மொழிக்கும் வருகிறவர்கள் அவர்கள். நிக்லவுஸ் வீர்த் 1970 இல் வெளியிட்ட பஸ்காலில் சரம் தனி மேற்கோளுக்குள் இருக்கும். உள்ளே அதே குறி வேண்டுமாயின் அதை இருமுறை எழுத வேண்டும். எஸ்.கியூ.எல். மொழியின் விதியும் அதுவே. அதற்குரிய கோலம்:

'([^']|'')*'

இருமுறை எழுதும் விதியை நான் பெரிதும் விரும்புகிறேன்; காரணம் அழகன்று. ஒருவர் அவ்விதியை அறியாமல் '[^']*' என்ற எளிய கோலத்தை இட்டாலும், ஒரு சரம் ஒட்டிய இரு சரங்களாகத் தோன்றுமேயன்றி, உள்ளும் வெளியும் ஒருபோதும் தலைகீழாகா. குறிகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டையாகவே இருப்பதால், பிழை நேர்ந்த இடத்திலேயே முடங்கிவிடுகிறது. களஞ்சியத்தின் நிரலை எழுதிய மொழியிலும் இவ்விதி இருந்து, அங்குலக் குறியும் அவ்விதிப்படி இருமுறை எழுதப்பட்டிருந்தால், மொழிபெயர்ப்பாளர் என்னை அழைத்திருக்கவே மாட்டார்.

இனி, மாணவர் பக்கக் குறிப்பு முற்றாகத் தொடாமல் விட்ட பகுதிக்கு வருகிறேன். சரத்துக்கான கோலம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், மேற்கோள் குறி ஒன்றைக் கண்டவுடன் அது சரத்தின் தொடக்கம் என்று முடிவு செய்ய இயலாது. பைதனில் எண் குறியின் (#) பின் வருவது, கணினி பொருட்படுத்தாத குறிப்புரை. அதனுள்ளே மூடப்படாத மேற்கோள் குறி இருக்கலாம்.

விலை = 450  # "2 அங்குலக் குழாய்

மறுபுறம், அந்த எண் குறியே சரத்தின் உள்ளேயும் வரலாம்.

தரம் = "இலக்கம் # 1"

குறிப்புரைகளை முதலில் நீக்கிவிட்டுச் சரங்களைத் தேடுபவர் இரண்டாவது வரியை வெட்டிவிடுவார். சரங்களை முதலில் தேடிவிட்டுக் குறிப்புரைகளை நீக்குபவர் முதலாவது வரியில் வழுக்குவார். ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புரைகளில் சுருக்கச் சொற்களுக்கு இடும் தனி மேற்கோளும் இதே தொல்லையைத் தரும். எது முந்தி என்ற இந்த வழக்குக்குத் தீர்ப்பு, இரண்டையும் ஒரே தேடலில் சேர்த்துவிடுவதுதான்:

#.*|"([^"\\]|\\.)*"|'([^'\\]|\\.)*'

தேடும் பொறி இடமிருந்து வலமாக நகர்கையில், குறிப்புரையின் தொடக்கம் முதலில் எதிர்ப்பட்டால் வரி முடியும்வரை அதையே விழுங்கிவிடும். அதனுள் இருக்கும் மேற்கோள் குறிகள் தொடக்கமாகும் வாய்ப்பை இழந்துவிடும். சரம் முதலில் எதிர்ப்பட்டால் அதனுள் இருக்கும் எண் குறிக்கு அதே கதி. கிடைத்த துண்டுகளில் மேற்கோள் குறியோடு தொடங்குவனவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடலாம். வேண்டாதவற்றையும் பொருத்திப் பார்த்துத்தான் வேண்டியவற்றைப் பெற முடியும் என்பது மாணவருக்கு முதலில் விநோதமாகத் தோன்றுகிறது. நிரலைக் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றும் தொகுப்பிகளின் முதற் கட்டம் இவ்வாறே இயங்குகிறது. பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க், எரிக் ஷ்மிட் ஆகியோர் 1975 இல் உருவாக்கிய ‘லெக்ஸ்’ என்ற கருவி, நிரலில் வரக்கூடிய எல்லா வகைத் துண்டுகளுக்கும் சுருங்குறித்தொடர்களைக் கேட்டு வாங்கி, அவற்றை ஒரே வாசிப்பில் பிரிக்கும் நிரலைத் தானே எழுதித் தந்தது.

பைதனின் மும்மேற்கோள் சரங்களையும் பிடிக்க வேண்டுமாயின் அவற்றுக்குரிய கிளையை முதலில் எழுத வேண்டும். பின்னால் எழுதினால், மூன்று குறிகளில் முதலிரண்டும் வெற்றுச் சரமாகப் பொருந்திவிடும்.

சரியான விடையைத் தரும் கோலமும் ஆபத்தானதாக இருக்கலாம் என்பதைப் பற்றி மாணவரிடம் எவரும் பேசுவதில்லை. முன்னர் கண்ட இரு வகைகளையும் இடம்மாற்றி, பின்சாய்கோட்டை விலக்காமல், "(\\.|[^"])*" என எழுதினால் ஒழுங்காக மூடப்பட்ட சரங்களுக்கெல்லாம் சரியான விடையே கிடைக்கும். மேற்கோள் குறியால் தொடங்கி, பின்சாய்கோடும் ‘அ’ எழுத்தும் சேர்ந்த சோடிகள் இருபது வந்து, மூடும் குறி இல்லாமல் முடியும் ஒரு கோப்பை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சோடியையும் ஒரே துண்டாகவும் எடுக்கலாம், தனித்தனி வரியுருக்களாகவும் எடுக்கலாம். மூடும் குறி கிடைக்காத பொறி, பின்வாங்கிப் பின்வாங்கி எல்லா வழிகளையும் பார்த்துத்தான் தோல்வியை ஒப்புக்கொள்ளும். இருபது சோடிக்கு 10,48,576 வழிகள். முப்பது சோடிக்கு 107 கோடிக்கும் மேல். "([^"\\]+|\\.)*" என்று, வேகத்துக்காக ஒரு கூட்டற் குறியைச் சேர்ப்பவர்களுக்கும் இதே விபத்து நேரும், அங்கே சாதாரண எழுத்துகளே போதும். நான் பரிந்துரைக்கும் கோலத்தில் எந்த இடத்திலும் ஒரு வகையே பொருந்தக்கூடியதாக இருப்பதால், பொறி வேறு வழி தேட இடமில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2019 யூலை 2 ஆம் திகதி, பல இணையத்தளங்களின் போக்குவரத்தைத் தன் ஊடாகச் செலுத்திப் பாதுகாக்கும் கிளவுட்பிளேயர் நிறுவனத்தின் பாதுகாப்பு விதியொன்றில் இடப்பட்ட சுருங்குறித்தொடர் இவ்வாறு பின்வாங்கத் தொடங்கியதில், அதன் சேவையகங்களின் கணிப்புத் திறன் முழுவதும் தீர்ந்து, அந்நிறுவனத்தின் ஊடாக இயங்கிய எண்ணற்ற இணையத்தளங்கள் 27 நிமிடங்கள் முடங்கின. 1968 இல் தொம்சன் காட்டிய வழிமுறை எல்லா வழிகளையும் ஒருங்கே கொண்டு செல்வது. அதில் பின்வாங்கலே கிடையாது. பைதன் உட்படப் பல மொழிகளின் பொறிகள் வேறு வசதிகளுக்காக அவ்வழியை விட்டு விலகியவை. ‘கோ’, ‘ரஸ்ட்’ ஆகிய புதிய மொழிகள் அதற்கே திரும்பியிருக்கின்றன.

சுருங்குறித்தொடருக்கு எட்டாத சரங்களும் உண்டு. பைதனில் ‘எஃப்’ எழுத்தை முன்னிட்டு எழுதும் சரங்களினுள் நெளிவு அடைப்பிட்டுக் கணிப்புக் கோவைகளை எழுதலாம்; 2023 ஒக்டோபரில் வெளிவந்த 3.12 ஆம் பதிப்பிலிருந்து அக்கோவைகளினுள் வெளிச் சரத்தின் அதே மேற்கோள் குறியை மறுபடி பயன்படுத்தவும், சரத்தினுள் சரமாக அடுக்கவும் மொழி இடமளிக்கிறது. எத்தனை அடுக்கு என்று எண்ணி நினைவில் வைக்கும் ஆற்றல் கிளேனியின் கோலங்களுக்கு இல்லை. ஆகவே பைதன் நிரல்களிலிருந்து சரங்களைப் பிரிக்கும் உண்மையான வேலை எவருக்கேனும் வாய்த்தால், நிரலைத் துண்டுகளாகப் பிரிப்பதற்கெனப் பைதனோடு வரும் ‘டோக்கனைஸ்’ கூற்றைப் பயன்படுத்துவதே முறை. களஞ்சியத்து வேலையை இரண்டாம் முறை செய்தபோது, அந்நிரல் எழுதப்பட்ட மொழியின் சொந்தத் துண்டாக்கியைத்தான் நானும் நாடினேன்.

தமிழ்ச் சரங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் இன்றும் புழங்கும் பழைய நிரல்கள் பலவற்றில் தமிழ், யுனிக்கோடில் அன்றிப் பாமினி எழுத்துருவுக்குரிய குறிகளில் இருக்கிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய விசை அரைப்புள்ளியே. ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லினுள் இரண்டு அரைப்புள்ளிகள் ஒளிந்திருக்கும். நிரலை அரைப்புள்ளிகளில் வெட்டிக் கூற்றுகளாக்கிவிட்டுப் பின்னர் சரங்களைத் தேடுபவர், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் கத்தி வைப்பார். இதற்கும் மருந்து அதே ஒற்றை வாசிப்புத்தான். யுனிக்கோடில் இந்த அச்சம் இல்லை. தமிழ் வரியுருக்கள் யூ.டி.எஃப்-8 முறையில் மும்மூன்று பைற்றுகளாகச் சேமிக்கப்படுகையில், அவற்றுள் ஒன்றேனும் 128 இற்குக் குறைவாக இராது. மேற்கோள் குறியின் எண் 34, பின்சாய்கோட்டின் எண் 92. யப்பானியரின் பழைய ஷிப்ட்-ஜிஸ் முறையில் சில எழுத்துகளின் இரண்டாவது பைற்று 92 ஆகவே அமைந்து நிரலாளரைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள்.

இறுதியாக, அச்சுப் பிழை பற்றி. தங்கள் பக்க வடிவமைப்புச் செய்நிரல், தட்டச்சிட்ட நேர் மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாகத் தானே மாற்றிவிட்டது. உரைநடைக்கு அது அழகு. கணினிக்கோ நேர்குறி 34, வளைந்த குறிகள் 8220, 8221 எனும் வெவ்வேறு வரியுருக்கள். தங்கள் இணையப் பதிப்பிலிருந்து அக்கோலத்தை நகலெடுத்த என் மாணவருக்குப் பிழைச் செய்தியும் வரவில்லை, விடையும் வரவில்லை. வளைந்த குறிகளைத் தேடச் சொன்னார்கள்; நிரலில் அப்படி ஒன்றும் இல்லை என்று கணினி மௌனமாக இருந்துவிட்டது. செய்நிரல் வரிகளை அச்சிடும்போது அந்தத் தன்னியக்க மாற்றத்தை நிறுத்திவைக்குமாறும், எல்லா வரியுருக்களும் ஒரே அகலமுள்ள எழுத்துருவில் அவற்றை அமைக்குமாறும் பக்க வடிவமைப்பாளரிடம் தாங்கள் கூற வேண்டுகிறேன்.

திருத்தம் வெளியிடத் தங்களுக்கு இடம் போதாதெனில், குறிப்புரையையும் சரங்களையும் சேர்த்து மேலே தந்த அந்த ஒற்றை வரிக் கோலத்தையும், அதைச் சோதிக்கக் கீழுள்ள ஐந்து வரிகளையும் மட்டும் வெளியிட்டாற் போதும்.

பயிர் = "நெல்"; போகம் = "காலபோகம்"
செய்தி = "இரணைமடு \"வான்\" பாய்கிறது"
பாதை = "வன்னி\\"; ஊர் = "துணுக்காய்"
விலை = 450  # "2 அங்குலக் குழாய்
தரம் = "இலக்கம் # 1"

வரிகளைத் தனித்தனியே கொடுத்துத் தேடும்போது முதலாவதிலும் மூன்றாவதிலும் இரண்டிரண்டு சரங்கள், இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் ஒவ்வொன்று கிடைக்க வேண்டும். நான்காவதில் ஒரு குறிப்புரை அகப்படும். சரம் எதுவும் அகப்படக் கூடாது.

இங்ஙனம்,
தகவல் தொழினுட்ப ஆசிரியர் ஒருவர்,
மாங்குளம்.